சைக்கிள்காரருக்குச் சைக்கிள்காரர் புத்தி சொல்லலாமா?

காலை ஏழரை மணி. சென்னைப் புறநகரில் ஓர் அகலமான சாலை. நடுவே இடுப்பளவு உயரத்துக்குச் சிமெண்டுத் தடுப்புச் சுவர். இடது ஓரமாக, தாரும் மண்ணும் சேருகிற இடத்தில், நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போகிறேன். அதே ஓரத்தில், எனக்கு நேர் எதிராக, இன்னொரு சைக்கிள் வருகிறது. பின்னால் காரியரில் பெரிய டீ டிரம். ஹாண்டில்பாரில் காகிதக் கோப்பைகள் நிறைந்த பை. ஓட்டி வருகிறவருக்கு ஐம்பது வயது இருக்கலாம்.

இரண்டு பேருக்கும் அந்த ஓரத்தில் இடமில்லை. யாராவது ஒருவர் சாலையின் உட்புறம் விலகியாக வேண்டும். அவர் விலகவில்லை, நான் விலகினேன். என் பின்னால் வந்த பஸ் ‘கிறீச்’சென்று நின்றது. டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி என் வம்சம் முழுவதையும் விசாரித்தார். அவரிடம் வாங்கியதை அப்படியே டீக்காரர் தலையில் இறக்கினேன்.

“ஏன்யா, கண் தெரியலையா? எதிர்ப்பக்கத்திலே வர்றியே!”

அவர் நிற்கவே இல்லை. “சுவரைக் கட்டினவனைப் போய்க் கேளு!” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று முழுவதும் அந்த வார்த்தை என் காதிலேயே இருந்தது. நான் கேட்டது நியாயம்தானா? நியாயம் என்றால், கேட்ட விதம் நியாயம்தானா? சக சைக்கிள்காரர் விதியை மீறினால் நாம் சொல்வதா, வாயை மூடிக்கொண்டு போவதா?

அந்தக் காலத்துப் போலீஸ்காரர்

நம் தாத்தாக்களுக்கு இந்தச் சங்கடம் இருந்ததில்லை. சொல்வதற்கென்றே முச்சந்தியில் ஒருவர் நின்றார். சைக்கிளுக்கு நகரசபை வரி கட்டி, வில்லை வாங்கி மாட்ட வேண்டும். இருட்டினால் விளக்கு வேண்டும். முதலில் மண்ணெண்ணெய் விளக்கு. பிறகு டயரோடு உராய்ந்து எரியும் டைனமோ. ‘டபுள்ஸ்’ போனால் குற்றம். பிடிபட்டவர்களின் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்ட கதைகளை இன்றும் பெரியவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

விளக்கில்லாதவர்களுக்கு ஒரு யுக்தியும் இருந்தது. தூரத்தில் தொப்பி தெரிந்ததும் சட்டென்று கீழே இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார்கள். தள்ளிக்கொண்டு போகிறவர் பாதசாரி. அவருக்கு விளக்கு எதற்கு? இந்த யுக்தியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இன்று வில்லையும் இல்லை, தொப்பிக்குப் பயமும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988, சாலைக் குறிகளுக்குக் கட்டுப்படும் கடமையை மோட்டார் வண்டி ஓட்டுகிறவர் மீதுதான் வைத்திருக்கிறது. சைக்கிளுக்கு லைசென்ஸ் கிடையாது. நம்பர் பலகை கிடையாது. ஆகவே சிக்னலில் காமிரா வைத்தும் பயனில்லை. அதற்காகச் சைக்கிள்காரரைச் சட்டம் அடியோடு விட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதீய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவு, பொது வழியில் எந்த வாகனத்தையும் மனித உயிருக்கு ஆபத்து வரும்படி கண்மூடித்தனமாக ஓட்டுகிறவருக்குப் பொருந்தும். ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எழுத்தில் இவ்வளவு இருக்கிறது. ஆனால் டீ டிரம்மோடு வரும் ஒருவரை நிறுத்தி இந்தப் பிரிவைப் படித்துக் காட்ட யார் வரப் போகிறார்கள்?

வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு வழிகளில் போயிருக்கிறார்கள். ஜப்பானில் 2026 ஏப்ரல் 1 முதல் பதினாறு வயதுக்கு மேற்பட்ட சைக்கிள்காரர்களுக்கும் அபராதச் சீட்டு உண்டு. சிவப்பு விளக்கைத் தாண்டினால் 6,000 யென். எதிர்ப்பக்கம் போனாலும் 6,000 யென். போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் 12,000 யென். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலமோ 1982-லேயே நேர்மாறாகச் செய்தது. ‘நில்’ என்ற பலகையைக் கண்டால் சைக்கிள்காரர் வேகத்தைக் குறைத்து, மற்றவருக்கு வழிவிட்டு, பாதுகாப்பாக இருந்தால் நிற்காமலே போகலாம் என்று சட்டமே செய்துவிட்டது. இரண்டு இடத்திலும் ஒரு விஷயம் பொது: மற்றவருக்குரிய வழியைப் பறிக்க அனுமதி இல்லை.

“எதிரே வந்தால் கண்ணுக்குத் தெரியுமே!”

எதிர்ப்பக்கம் வருகிறவர்களைக் கேட்டால், பெரும்பாலோர் சொல்லும் சமாதானம் இதுதான். “முதுகுக்குப் பின்னால் வரும் லாரி தெரியாது சார். எதிரே வந்தால் பார்த்து ஒதுங்கிக்கலாம்.”

இது நடப்பவர்களுக்கு உரிய பாடம். நடைபாதை இல்லாத சாலையில் வண்டிகளைப் பார்த்தபடி வலது ஓரமாக நடக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். அது சரி. நடப்பவர் நினைத்த மாத்திரத்தில் நின்றுவிடலாம். ஓரடி பக்கவாட்டில் ஒதுங்கலாம். சைக்கிளால் பக்கவாட்டில் ஒதுங்க முடியாது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டர். மோட்டார் சைக்கிள் 40. இரண்டும் ஒரே திசையில் போனால், பின்னால் வருகிறவர் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குகிறார். ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். நேர் எதிராக வந்தாலோ இரண்டு வேகமும் சேர்ந்து 55. விநாடிக்கு 15 மீட்டருக்கும் அதிகம். யோசிக்கக் கிடைக்கும் நேரம் பாதிக்கும் கீழே போகிறது. மோதினால் அடியும் அதற்கேற்பப் பலமாக விழும்.

இன்னொரு அபாயம் குறுக்குத் தெருக்களில் இருக்கிறது. சந்திலிருந்து காரை வெளியே எடுத்து இடது பக்கம் திரும்புகிறவர் எந்தப் பக்கம் பார்ப்பார்? வண்டிகள் வர வேண்டிய வலது பக்கம்தான். இடது பக்கத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வருவார் என்று அவர் கனவிலும் எண்ணமாட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரே வரும் சைக்கிளால் முதலில் ஆபத்துக்கு உள்ளாகிறவர், ஒழுங்காக வரும் இன்னொரு சைக்கிள்காரர்தான். பஸ்ஸுக்கோ காருக்கோ ஒன்றும் நேராது. ஓரத்தை விட்டு உள்ளே தள்ளப்படுகிறவர் நாம். எனவே சொல்லும் உரிமை வேறு யாருக்கு இருக்கிறதோ இல்லையோ, நமக்கு உண்டு.

யாரிடம்? எப்படி?

உரிமை இருக்கிறது என்பதற்காக எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தால் ஆபீசுக்குப் போய்ச் சேர முடியாது. ஒருவர் ஆளில்லாத சந்தில் கைகாட்டாமல் திரும்பினார் என்பதற்கெல்லாம் உபதேசம் வேண்டாம். பிறர் உயிருக்கு ஆபத்து வருகிற மூன்று விஷயங்கள் போதும்: எதிர்ப்பக்கம் வருவது, இரவில் விளக்கில்லாமல் வருவது, ஜனங்கள் சாலையைக் கடக்கும்போது சிவப்பு விளக்கைத் தாண்டுவது.

ஓடுகிற சைக்கிளிலிருந்து கத்துவதால் பலன் இல்லை. என் அனுபவமே சாட்சி. அவர் காதில் விழுவது வசவு மட்டும்தான். திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தால் விழுந்தும் வைப்பார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூன்று பேர் கைகோத்தாற்போல் வரிசையாக ஓட்டி வந்தால், நடுரோட்டில் அதட்ட வேண்டாம். மிரண்டுபோவார்கள். அதிலும் பெண் பிள்ளைகளை முன்பின் தெரியாத ஆண் வழிமறிப்பது எவ்வளவு நல்ல எண்ணமானாலும் அழகில்லை. பள்ளி வாசலில் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பில் சர்க்கார் இலவசமாகச் சைக்கிள் கொடுக்கிறது. சைக்கிளைக் கொடுக்கும் அன்றே ஒரு மணி நேரம் சாலைப் பாடமும் நடத்தினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

விடியற்காலையில் விலையுயர்ந்த சைக்கிள்களில், தலைக்கவசம் கண்ணாடி சகிதம், கூட்டமாகப் போகும் அன்பர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் தாராளமாகச் சொல்லலாம். விதி தெரியாது என்று அவர்கள் சொல்ல முடியாது, அவசரமும் கிடையாது. முன்னால் போகிறவர் சிவப்பு விளக்கில் நின்றால் பின்னால் வரும் இருபது பேரும் நிற்பார்கள். அவர் தாண்டினால் இருபது பேரும் தாண்டுவார்கள். அங்கே சொல்ல வேண்டியவர் வெளியாள் அல்லர். கூட்டத்திலேயே ஒருவர் தைரியமாகச் சொல்ல வேண்டும்.

“மோட்டார் சைக்கிள்காரன் செய்யாததையா நாங்கள் செய்துவிட்டோம்?” என்று சிலர் கேட்பார்கள். வாஸ்தவம், அவர்கள் செய்வது இதைவிட மோசம். ஆனால் அவர் எதிர்ப்பக்கம் வந்தார் என்பதால் நம் எலும்பு கெட்டியாகிவிடாது.

மீண்டும் டீக்காரர்

ஒரு வாரம் கழித்து, கட்டிட வேலை நடக்கும் ஓரிடத்தில் அந்த டீ டிரம்மைக் கண்டேன். இறங்கி, ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு, “அண்ணே, அன்றைக்குக் கத்தியது நான்தான். மன்னிச்சுக்குங்க” என்றேன்.

அவர் சிரித்தார். “அது கிடக்கட்டும் சார். அந்தச் சுவரைத் தாண்டி வரணும்னா அடுத்த திருப்பம் வரைக்கும் போய், திரும்ப இவ்வளவு தூரம் வரணும். டிரம்மோட மிதிக்க முழங்கால் கேட்கலை. எட்டு மணிக்கு ஆளுங்க டீக்கு நிப்பாங்க. அஞ்சு நிமிஷம் பிந்தினால் வேற ஆள் ஊத்திட்டுப் போயிடுவான்.”

நான் பஸ் கதையைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. “நீங்க உள்ளே போனது எனக்குத் தெரியும். பஸ் வந்தது சத்தியமாத் தெரியாது சார்” என்றார்.

அப்போதுதான் தாத்தா காலத்து யுக்தி எனக்கு ஞாபகம் வந்தது. “பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலே அந்த இருநூறு அடி மட்டும் இறங்கித் தள்ளிக்கிட்டு வந்தால் என்ன? தள்ளும்போது நீங்க பாதசாரி. மண் தரையிலேயே ஒதுங்கிக்கலாம்.”

யோசித்தார். “பார்க்கலாம்” என்றார். மறுநாள் காலையில் என்னைக் கண்டதும் இறங்கிவிட்டார். இந்த ஒரு மாதமாக எதிர்ப்படும்போதெல்லாம் இறங்குகிறார். நான் இல்லாத நாளிலும் இறங்குகிறாரா என்று நான் கேட்கவில்லை.

அவர்தான் என்னைக் கேட்டார்: “நீங்க பத்திரிகையிலே இருக்கீங்களாமே. என்னை இறங்கச் சொன்னீங்க, இறங்கிட்டேன். அந்தச் சுவரிலே சைக்கிள் நுழையற மாதிரி ஒரு வழி விடச் சொல்லி எழுதக் கூடாதா?”

நியாயமான கேள்வி. ஒருவருக்குப் புத்தி சொன்னால், அவருடைய கஷ்டத்திலும் நாம் கொஞ்சம் தோள் கொடுக்க வேண்டும். ஆகவே எழுதிவிட்டேன். சம்பந்தப்பட்ட அதிகாரிகள் காலை ஏழரை மணிக்கு ஒருநாள் அந்தப் பக்கம், கூடுமானால் சைக்கிளிலேயே, வந்து பார்க்கலாம். டீ நன்றாக இருக்கும்.