‘அம்மா’ சொல்ல மூக்கு வேண்டும்

மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ‘அம்மா’ என்று சொல்லிப் பாருங்கள். கிட்டத்தட்ட ‘அப்பா’ போலக் கேட்கிறதா? ங, ஞ, ண, ந, ம, ன என்ற ஆறு மெல்லின எழுத்துகளுக்கும் மூக்கு வழியே காற்று வர வேண்டும். எழுத்துகள் பிறக்கும் விதத்தைச் சொல்லும்போது தொல்காப்பியமே இதைச் சொல்லிவிட்டது.

சளி பிடித்தால் நாலு நாள் இப்படிப் பேசுவோம், பிறகு சரியாகிவிடும். சில பிள்ளைகளுக்கு மட்டும் மாதக்கணக்கில் இப்படியே இருக்கும். பகலில் வாய் லேசாகத் திறந்திருக்கும். இரவில் குறட்டை. காலையில் பார்த்தால் உதடு வறண்டு, தலையணையில் எச்சில் கறை. “எப்படி அசந்து தூங்குது பாரு பிள்ளை” என்பார்கள் வீட்டில். அந்தப் பிள்ளை சரியாகவே தூங்கவில்லை!

மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேல்பக்கம் அடினாய்டு என்ற சதை இருக்கிறது. அது வீங்கினால் என்ன ஆகும் என்பதை 1868இல் டென்மார்க் மருத்துவர் மேயர் விளக்கினார். நம் ஊரில் “மூக்குல சதை வளர்ந்திருக்கு” என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். டான்சிலும் சேர்ந்து பெருத்துவிட்டால் காற்று போகும் பாதை குறுகிவிடும். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். குறுகிய பாதை இன்னும் ஒடுங்கும். சில விநாடிகள் மூச்சே நின்றுபோவதும் உண்டு. உடனே மூளை உடம்பை உலுக்கி எழுப்பும். நமக்குத் தெரியாமலேயே இது ஓர் இரவில் பலமுறை நடக்கலாம். 1976இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கில்லெமினோ என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் இப்படித் தவித்த 8 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். அதன்பிறகுதான் இது குழந்தைகளுக்கும் வரும் நோய் என்று மருத்துவ உலகம் கவனிக்கத் தொடங்கியது.

வகுப்பில் தூங்கி விழுகிற, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிற பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். பாவம், ராத்திரி முழுக்க அவன் மூச்சுக்காகப் போராடியிருக்கலாம். 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும். நம்மை வளரச் செய்யும் ஹார்மோன் அதிகம் சுரப்பதும் ஆழ்ந்த தூக்கத்தில்தான்.

சரி, இதில் பல் டாக்டருக்கு என்ன வேலை?

‘ன்’ என்று சொல்லி, நாக்கை அப்படியே வைத்து வாயை மூடுங்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி நிற்கிறதல்லவா? அதுதான் நாக்கின் இருப்பிடம். அங்கே இருக்கும்போது மேல்தாடை அகலமாக வளர நாக்கு துணை செய்கிறது. வாயால் மூச்சு விடும் பிள்ளைக்கு நாக்கு கீழே இறங்கிவிடும். கன்னங்கள் இருபுறமும் அழுத்த, மேலண்ணம் குறுகி உயரக்கூடும். ஜெயங்கொண்டம் பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம், பக்கத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம். அங்குள்ள கோயில் விமானம் மேலே போகப்போக உள்வளைந்து ஒடுங்கும். கோயிலுக்கு அது அழகு. வாயில் அண்ணம் அப்படி ஒடுங்கினால் பற்கள் நெருக்கியடித்து முளைக்கும். அதோடு, மாடி வீட்டில் கீழ்வீட்டுக் கூரைதான் மேல்வீட்டுக்குத் தரை. வாயின் கூரையும் அப்படியே மூக்குக்குத் தரை. கூரை குறுகினால் மூக்கறையும் குறுகும்.

மேலண்ணம் ஒரே எலும்பு அல்ல. நடுவில் ஒரு தையல்கோடு உண்டு. சிறு வயதில் அது முழுதாக இறுகியிருக்காது. பல்சீரமைப்பு மருத்துவர் அண்ணத்தில் ஒரு கிளிப்பைப் பொருத்துவார். அதன் நடுவே ஒரு குட்டித் திருகு. அம்மாவோ அப்பாவோ சின்னச் சாவியால் அதைத் திருப்ப வேண்டும். பெரும்பாலான கிளிப்புகளில் ஒரு திருப்புக்கு கால் மில்லிமீட்டர்தான் விரியும். சில நாட்களில் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து தெரியும். பயப்பட வேண்டாம், கோடு விரிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு அதுவே மூடிக்கொள்ளும். விரிந்த இடத்தில் புது எலும்பு நிரம்பும்வரை சில மாதங்கள் கிளிப் அங்கேயே இருக்கும். அண்ணம் அகன்றால் மூக்கறைக்கும் இடம் கிடைக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். குறட்டை விடும் எல்லாப் பிள்ளைக்கும் கிளிப் வேண்டாம். முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் பார்க்க வேண்டும். அடைப்பு சதையால் என்றால் அதற்குத்தான் முதல் சிகிச்சை. மேல்தாடை குறுகியிருந்தால் மட்டுமே திருகுக்கு வேலை. அவரும் பல்சீரமைப்பு மருத்துவரும் கலந்து பேசி முடிவெடுப்பது இன்னும் நல்லது. ஏழு வயது வாக்கில் ஒருமுறை பல்வரிசையையும் காட்டிவிடலாம். பதின்வயது தாண்டினால் தையல்கோடு பெரும்பாலும் இறுகிவிடும். ஜெயங்கொண்டத்திலிருந்து மீன்சுருட்டி, காட்டுமன்னார்கோயில் வழியாகப் போனால் சிதம்பரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

உங்கள் பள்ளிக்கும் மருத்துவக் குழு வரும். வாயைத் திறந்து பல்லைக் காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். “டாக்டர், நான் ராத்திரி குறட்டை விடுறேனாம், வாயைத் திறந்துக்கிட்டே தூங்குறேனாம்” என்று நீங்களே சொல்லுங்கள்.