பால் வெட்டலாமா, வேண்டாமா?

குமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு, அருமனைப் பக்கம் ரப்பர் விலை பேசாத டீக்கடை கிடையாது. 2011-இல் கிலோ 240 ரூபாய் வரை ஏறிய ரப்பர் ஷீட், 2016 தொடக்கத்தில் நூறுக்குக் கீழே விழுந்தது. கன்று நட்டால் பால் எடுக்க ஏழு வருடம் ஆகும். அத்தனை காலம் உரமும் கூலியும் கொட்டி வளர்த்தவர்களில் பலர் பால்வெட்டையே நிறுத்திவிட்டார்கள். வேறு சிலர் விடாமல் வெட்டினார்கள். இரண்டு தரப்பும் போட்ட கணக்கு சரிதான்.

எப்படி? ஒரு பேச்சுக்குச் சில எண்களை வைத்துக்கொள்வோம். மரம் வளர்க்கப் போட்ட பணத்தைப் பிரித்தால் கிலோவுக்கு 60 ரூபாய். பால் வெட்டும் கூலி, ஆசிட், ஷீட் அடிக்கும் செலவு 70. மொத்தம் 130. விலை 100 என்றால் 30 ரூபாய் நட்டம். ஆனாலும் வெட்டத்தான் வேண்டும். வெட்டாவிட்டால் நட்டம் 60. போட்ட பணம் போட்டதுதான், அது திரும்பி வராது. இன்று வெட்ட ஆகும் செலவையும் இன்று கிடைக்கும் விலையையும் மட்டுமே ஒப்பிட வேண்டும். விலை 65-க்கு இறங்கினால் கதை மாறுகிறது: வெட்டினால் 65 நட்டம், சும்மா இருந்தால் 60. திரும்பி வராத அந்த 60 ரூபாயைத்தான் பொருளியல் ‘மூழ்கிய செலவு’ என்று பாடம் நடத்தும்.

கூலிக்கு ஆள் வைத்தவர் முதலில் நிறுத்துவதும், விடியுமுன் தானே கத்தியோடு இறங்கும் சிறு விவசாயி கடைசிவரை வெட்டுவதும் இதனால்தான். அவருக்குக் கூலி வீட்டிலேயே தங்குகிறது. ஆனால் அதே நேரத்துக்கு வெளியே நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்தால், அந்தச் சம்பளமும் அவருடைய செலவுக் கணக்கில் சேரும்.

தோவாளைப் பூச்சந்தையில் பிச்சிப்பூவை அன்றைக்கே விற்றாக வேண்டும். ரப்பர் அப்படியல்ல; மரத்தில் பால் வெட்டாமல் விட்டால் பால் வீணாகாது, மரம் ஓய்வெடுக்கும். காத்திருக்க முடிவது பெரிய பலம். ஆனால் விலையைத் தீர்மானிக்கும் பலம் குலசேகரத்துக்கு இல்லை. 2014-இல் கச்சா எண்ணெய் சரிந்ததும் அதிலிருந்து செய்யும் செயற்கை ரப்பர் மலிந்தது. விலை உச்சத்தில் இருந்தபோது தென்கிழக்கு ஆசியாவில் நட்ட மரங்களும் பின்னால் பாலோடு வந்து சேர்ந்தன.

2024 ஆகஸ்டில் விலை மறுபடி ஏறி 240-ஐத் தாண்டியது. அதைப் பார்த்துக் கன்று நடக் கிளம்புகிறவர்கள், ஏழு வருடம் கழித்து வரும் விலையை அல்லவா யோசிக்க வேண்டும்?