பழம் நோயாளிக்கு மட்டுந்தானா?

தோழர்களே! நம் வீடுகளுக்குப் பழம் எப்போது வருகிறது? பிள்ளை காய்ச்சலில் படுத்தால் வருகிறது. காய்ச்சல் விட்டதும் பழமும் நின்றுவிடுகிறது. ஓடியாடும் பிள்ளைக்குப் பழம் வேண்டாமா என்றுதான் கேட்கிறோம்.

"ஆப்பிள் வாங்க நமக்கு வசதி ஏது?" என்பீர்கள். ஆப்பிளை யார் கேட்டார்கள்? நம் ஊர்க் கொய்யாவில், ஆரஞ்சில் உள்ளதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் வைட்டமின் சி இருக்கிறது.

அதனால் என்ன பயன்? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை! வெட்கப்பட வேண்டாமா நாம்? கீரையிலும் பருப்பிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்புச் சத்து முழுவதையும் உடல் ஏற்பதில்லை. அதைக் கூடுதலாக ஏற்கச் செய்வது வைட்டமின் சி. பழம் மட்டுமே சோகையைத் தீர்த்துவிடாது. ஆனால் உணவோடு ஒரு கொய்யா சேர்ந்தால், உண்ட கீரை வீணாகாது.

சம்பள நாளில் பிள்ளைக்கென்று வாங்கும் வண்ணப் பானத்திலும் பிஸ்கட் பொட்டலத்திலும் சர்க்கரையும் மைதாவும் கொழுப்புமன்றி வேறென்ன பெரிதாக உண்டு? அந்தக் காசைக் கொய்யாவுக்கும் பப்பாளிக்கும் வாழைப்பழத்துக்கும் திருப்புங்கள்.

"தின்னு" என்று அதட்டினால் பிள்ளை தின்னாது. வேலை முடிந்து வரும் தகப்பன் தானே பழத்தை அறுத்து, தானும் ஒரு துண்டைத் தின்று, மறு துண்டை நீட்டட்டும். இன்று மறுத்த பிள்ளை நாளை கேட்கும். பொறுமையோடு மறுபடியும் நீட்டுங்கள்.

பழம் ஆடம்பரமன்று, தோழர்களே. உழைப்பாளி வீட்டுப் பிள்ளையின் உரிமை! அதை இன்று மாலையே உங்கள் வீட்டில் தொடங்க வேண்டுகிறோம்.