சித்தம்பூண்டிக் கற்களும் நமது விசுவாசமும்

நாமக்கல் மாவட்டத்துச் சமவெளியைப் பேருந்தில் கடந்து செல்வோருக்கு, அது சோளக்காடும் பனைமரமும் நிறைந்த வறண்ட நிலமாகவே தோன்றும். நடந்து செல்வோருக்கோ அது திறந்து வைத்த நூல். அண்மையில் பங்கு இளைஞர் சிலருடன் சித்தம்பூண்டிப் பகுதியில் ஒரு நாள் முழுதும் நடந்தபோது இவ்வுண்மையைக் கண்டுகொண்டோம்.

காட்டு வரப்புகளின் ஊடே வெண்மையும் கருமையும் கலந்த பாறைகள் தலைநீட்டுகின்றன. அறிவியலார் அனார்த்தோசைட் எனப் பெயரிட்ட இப்பாறை, ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருகிய குழம்பாய் இருந்து, பூமியின் ஆழத்தில் இறுகியது. மேலிருந்த நிலமெல்லாம் மழையாலும் வெயிலாலும் தேய்ந்து நீங்கவே, இன்று நம் காலடியில் கிடக்கிறது. நிலவின் மேட்டு நிலங்களும் பெரும்பாலும் இவ்வகைப் பாறையால் ஆனவையே. ஆதலால், 2019-ல் ஏவப்பட்ட சந்திரயான்-2 திட்டத்தின் சோதனைகளுக்காகப் பெங்களூரில் அமைத்த செயற்கை நிலவுத் தரைக்கு, இவ்வட்டாரத்துப் பாறையையே பொடித்துக் கொண்டு சென்றனர். இங்குக் கிடைக்கும் குருந்தக்கல், கடினத்தில் வைரத்திற்கு அடுத்தது. மாணிக்கமும் நீலக்கல்லும் அதன் வகைகளே. ஆங்கிலத்தில் வழங்கும் கொரண்டம் என்னும் பெயரும் இத்தமிழ்ச் சொல்லினின்றே பிறந்தது.

வேப்பமர நிழலில் இளைப்பாறுகையில், கல்லூரி மாணவன் ஒருவன் கையிலிருந்த கல்லைக் காட்டிக் கேட்டான்: "சாமி, இதற்கு 250 கோடி வயது என்றால், ஆறு நாளில் உலகம் உண்டானது என்று நாம் படிப்பது என்ன?"

நாம் திடுக்கிட்டோம். இளங்குருவாய் இருந்த காலத்தில் வேறோர் இளைஞன் இதே கேள்வியை நம்மிடம் கேட்டதுண்டு. "விசுவாசத்தில் கேள்வி கேளாதே" என்று கடிந்து அனுப்பிவிட்டோம். அதன்பின் அவன் கோவிலுக்கு வரவேயில்லை. விடை இல்லாமலில்லை, சொல்ல நமக்குத்தான் பொறுமை இல்லை.

இம்முறை அமர்ந்து சொன்னோம். மறைநூலாசிரியர்கள் தம் காலத்து இலக்கிய வகைகளில் எழுதினர் என்பதைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1943-லும், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லும் தெளிவாகப் போதித்துள்ளன. தொடக்கநூல் பாறையின் வயதைக் கணக்கிட வந்த ஏடன்று. படைத்தவர் யார், படைப்பு நல்லதா என்பதை அறிவிக்க வந்தது.

நிலவியலுக்கு அடித்தளமிட்டோருள் ஒருவரே ஓர் ஆயர் என்றதும் இளைஞர் வியந்தனர். டென்மார்க்கில் 1638-ல் பிறந்த நிக்கோலஸ் ஸ்டேனோ, இத்தாலியின் தஸ்கனி மலைகளை ஆராய்ந்தவர். பாறைகளுள் கிடைத்த நாக்கு வடிவக் கற்கள் பண்டைச் சுறாமீன்களின் பற்களே என விளக்கினார். படிந்த அடுக்குகளில் கீழுள்ளதே முந்தியது என்னும் விதியை 1669-ல் வெளியிட்டார். அதற்கு ஈராண்டு முன்னரே கத்தோலிக்கரான அவர், பின்னர்க் குருவாகி, 1677-ல் ஆயரானார். 1988-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக உயர்த்தினார். கல்லை ஆராய்ந்த அவருக்குக் கர்த்தர்மேல் கொண்ட பற்றுக் குறையவில்லை.

பெற்றோரே, பிள்ளைகள் கேட்கும் கேள்வியை அதட்டி அடக்காதீர்கள். விடை தெரியாவிடில் சேர்ந்து தேடுங்கள். விடுமுறை நாளொன்றில் ஊர்க்கரட்டுக்கு அவர்களை நடத்திச் செல்லுங்கள். கடவுளின் கைவேலை அங்கே கிடக்கிறது.

அன்று நாம் கடிந்தனுப்பிய இளைஞன் இன்று நடுவயதினனாய் இருப்பான். இவ்வரிகள் அவன் கண்ணில் படுமாயின், நம்மை மன்னித்து ஒருமுறை வந்து செல்வானாக. அக்கேள்விக்குரிய விடையோடு காத்திருக்கிறோம்.