விந்தணுவின் காவல்

கலிபோர்னியா மாகாணத்து லாத்ராப் என்னும் ஊரில், பயிர்களின் வேர்களைத் தாக்கும் நூற்புழுக்களைக் கொல்வதற்கான டி.பி.சி.பி. என்ற இரசாயனத்தைத் தயாரித்துவந்த தொழிற்சாலையின் ஊழியர்கள், தங்களில் பலருக்கு நெடுங்காலமாகப் புத்திர பாக்கியம் வாய்க்காதிருப்பதைத் தமக்குள் பேசி உணர்ந்து 1977ஆம் ஆண்டில் பரிசோதனைக்கு முன்வந்தபோது, பலருடைய சுக்கிலத்தில் விந்தணுக்கள் மிகவும் குறைந்திருப்பதும், சிலருக்கு அறவே இல்லாதிருப்பதும் வெளிப்பட்டன. அப்பொருள் எலிகளின் விரைகளைச் சுருங்கச் செய்கிறதென்று 1961ஆம் ஆண்டிலேயே ஆராய்ச்சியாளர் அச்சேற்றியிருந்தும் அதன் உற்பத்தி தடையின்றி நடந்துவந்தது என்பது மனம் பொறுக்கக்கூடிய செய்தியன்று.

சந்தான சக்தியைக் கெடுக்கும் இரசாயனங்கள் யாவும் ஒரே வழியில் வேலை செய்வனவல்ல. எனினும் புகையிலைப் புகை, ஈயம், சில பூச்சிமருந்துகள் முதலியவை உடலில் பிராணவாயுவின் உக்கிரமான வடிவங்களைப் பெருக்கியே பெருஞ்சேதம் விளைவிக்கின்றன. நாட்பட்ட எண்ணெய் சிக்குவாடை கொள்வதுபோல் பிராணவாயு பட்டுக் கெடக்கூடிய கொழுப்புகள் விந்தணுவின் மேற்சவ்வில் மிகுதி. நீந்திச் செல்வதற்கென்றே இளைத்த அதன் உடலிலோ தற்காப்புப் பொருள்களுக்கு இடமே அரிது. அளவு மிஞ்சிய பிராணவாயுவில் விந்தணுக்கள் சலனம் இழப்பதையும், கேட்டலேஸ் என்னும் நொதியைச் சேர்த்தால் அச்சலனம் காக்கப்படுவதையும் ஜான் மெக்லவுட் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1943ஆம் ஆண்டில் காட்டினார். இவ்வாறு காப்பவற்றையே ஆன்டிஆக்ஸிடன்ட் என்கிறோம். சுக்கிலத்தின் திரவத்தில் இரத்தத்தைவிடப் பன்மடங்கு செறிந்திருக்கும் வைட்டமின் சி அவற்றில் ஒன்று. ஆகாரத்தில் அதை நாளொன்றுக்கு 250 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைத்தபோது விந்தணுக்களின் மரபுப் பொருளில் சேதத்தின் அடையாளம் ஏறக்குறைய இரட்டித்ததையும், மறுபடி கொடுத்தபோது தணிந்ததையும் 1991ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று நிரூபித்தது.

இதைக் கொண்டு மாத்திரை விற்பவர் சொல்வதையெல்லாம் நம்பிவிடலாகாது. அமெரிக்காவில் 2,370 தம்பதிகளைக் கொண்டு நடத்தி 2020ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்ட பரிசோதனையில், ஆண்கள் ஆறு மாதம் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் உட்கொண்டும் குழந்தைப் பேறு அதிகரிக்கவில்லை. டி.பி.சி.பி. விஷயமோ இன்னும் விபரீதமானது: உடலின் சிறந்த காவலனாகிய குளுட்டாதயோனே அதனோடு கூடி, மரபுப் பொருளைத் தாக்கும் வேறொரு விஷமாக அதை மாற்றிவிடுவதை எலிகளிடம் கண்டிருக்கிறார்கள்.

ஆகவே முதற்காவல் கையுறையும், காற்றோட்டமும், கையாளும் பொருள் இன்னதென்று தொழிலாளிக்கு ஒளிக்காமல் சொல்வதுமே. நல்லாகாரம் அதற்குத் துணை. விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகிறது. அதைப் பிறப்பிக்கும் மூல அணுக்கள் பிழைத்திருந்தால், விஷத்தை விட்டு விலகிய சில மாதங்களில் மீட்சிக்கு இடமுண்டு. லாத்ராப் ஊழியர்களில் எண்ணிக்கை குறைந்திருந்தவர்களில் பலர் அவ்வாறே தேறினார்கள்; அறவே இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது திரும்பவில்லை.