நாய்க்கு இடும் ஊசி வீட்டுக்கு இடும் வேலி

மனிதனோடு முதன்முதலில் உறவு பூண்ட விலங்கு நாய் என்பர் ஆராய்ச்சியாளர். ஆடும் மாடும் நம் பட்டிக்கு வருமுன்னரே நாய் நம் வாயிலில் வந்து படுத்துவிட்டது. யானையின் நட்பினும் நாயின் நட்பே கொள்ளத்தக்கது என்று நாலடியார் உவமை காட்டுகின்றது. தம்மைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புகத் தருமபுத்திரர் மறுத்தார் என்கின்றது பாரதம். நம் ஊர்களில் மரத்தடி தோறும் கோயில் கொண்டிருக்கும் வைரவருக்கும் நாயே வாகனம்.

இத்துணைப் பெருமை வாய்ந்த பிராணிக்கு நாம் செய்யும் கைம்மாறு யாது? மிஞ்சிய சோற்றையும் மீன் முள்ளையும் இடுவதோடு நம் கடமை தீர்ந்துவிடுகின்றதா? ஆண்டுதோறும் அதற்குத் தடுப்பூசி போடுவிப்பதும் நாயை வளர்ப்போரின் கடமையாகும். அக்கடமை நாயின் பொருட்டு மட்டுமன்று. நம் குழந்தைகளின் பொருட்டுமாகும்.

நோயின் இயல்பு

விசர்நோய் ஒருவகை வைரசினால் உண்டாவது. நோய் கண்ட விலங்கின் உமிழ்நீரில் அவ்வைரசு இருக்கும். கடியினால் மட்டுமன்றி, கீறலினாலும், திறந்த புண்ணை நக்குவதனாலுங்கூட அது உடலினுட் புகும். புகுந்தபின் அது இரத்தத்தோடு ஓடுவதில்லை. நரம்பின் வழியே சிறிது சிறிதாக ஊர்ந்து மூளையை நாடிச் செல்கின்றது. இப்பயணத்துக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் செல்லும். சிலருக்கு ஒரு வாரமே போதும். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். முகத்திலும் தலையிலும் பட்ட கடி மிக விரைவில் மூளையை எட்டும்.

மூளையை எட்டி நோய்க்குறிகள் தோன்றியபின் அதனை மாற்ற மருந்தில்லை. தண்ணீரைக் கண்டதும் தொண்டை இறுகும். காற்றுப் பட்டாலும் உடல் நடுங்கும். சில நாட்களில் உயிர் பிரியும். இந்நோயினால் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 59,000 பேர் மாள்வதாக மதிப்பிடப்பட்டிருக்கின்றது. அவர்களுள் பத்தில் நால்வர் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர்கள். நூற்றுக்கு 99 பேருக்கு நோயைக் கொடுத்தது நாயே. நாயோடு விளையாடுவோரும் குழந்தைகளே, அதன் வாய்க்கு எட்டும் உயரத்தில் முகம் உள்ளோரும் குழந்தைகளே அன்றோ!

ஒரு சிறுவனும் ஒரு விஞ்ஞானியும்

1885ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் அல்சாஸ் பிரதேசத்தில் ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனை விசர்நாய் ஒன்று பல இடங்களிற் கடித்துக் குதறியது. அவனுடைய தாய் அவனை அழைத்துக்கொண்டு பாரிஸ் நகரத்துக்கு ஓடினாள். அங்கே லூயி பாஸ்டர் என்னும் விஞ்ஞானி, நோய் கண்ட முயல்களின் முள்ளந்தண்டு நரம்பை உலர்த்தி, நஞ்சின் வலியை ஒடுக்கி, நாய்களுக்கு அதனைச் செலுத்திப் பரிசோதித்து வந்தார்.

பாஸ்டர் வைத்தியர் அல்லர், இரசாயன அறிஞர். ஆதலால் ஜூலை 6ஆம் நாள் வேறொரு வைத்தியரே சிறுவனுக்கு முதல் ஊசியை ஏற்றினார். வலி குறைந்த மருந்தில் தொடங்கி, நாளுக்கு நாள் வலி கூடிய மருந்தாகப் பதின்மூன்று முறை ஏற்றப்பட்டது. சிறுவன் பிழைத்தான்; வளர்ந்தபின் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்திலேயே காவலாளியாகவும் பணி புரிந்தான். நரம்பின் வழியே நோய் மெல்ல ஊர்வதனாலேயே, கடிபட்ட பின்னும் மருந்து அதனை முந்திச் செல்ல முடிகின்றது. பாஸ்டர் மறைந்த செப்டெம்பர் 28ஆம் நாள் உலக விசர்நோய் நாளாகக் கொண்டாடப்பட்டு வருகின்றது.

நம் நாட்டின் அனுபவம்

இலங்கையில் விசர்நோய்க் கட்டளைச் சட்டம் 1893இலும், நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901இலும் இயற்றப்பட்டன. ஆயினும், சட்டம் மட்டும் நோயை விரட்டிவிடவில்லை. 1973ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டில் 377 பேர் இந்நோய்க்கு இரையாயினர். பின்னர் நாய்களுக்கு ஊசியேற்றும் வேலை நாடெங்கும் பரவியது. கடிபட்டோருக்குச் சிகிச்சையும் எளிதிற் கிடைத்தது. அண்மைய காலத்தில் அத்தொகை ஆண்டுக்கு இருபது முப்பது என்னும் அளவுக்கு இறங்கியிருக்கின்றது. எனினும், ஓர் ஊசியினால் தடுத்திருக்கக்கூடிய மரணம் ஒன்றேயாயினும் அது மிகையே.

முன்னாளில் தெருநாய்களைக் கொல்வதே வழி என்று கருதினர். 2006ஆம் ஆண்டில் அம்முறை கைவிடப்பட்டது. ஒரு தெருவில் நாய்களைக் கொன்றால் அயல் தெரு நாய்கள் அவ்விடத்துக்கு வந்துவிடுகின்றன. அவை ஊசி கண்டவையா, காணாதவையா என்பதை யார் அறிவார்? ஓர் ஊரிலுள்ள நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டுவிட்டால், நோய் ஒரு நாயிலிருந்து மற்றொரு நாய்க்குத் தாவ வழியின்றி அற்றுப்போகும். யப்பான் தேசத்தார் 1950இல் சட்டம் இயற்றி, நாய்களைப் பதிந்து ஊசியேற்றி, 1957ஆம் ஆண்டுடன் தம் நாட்டு நாய்களிடையே இந்நோயை ஒழித்துக் கட்டினர். ஏழே ஆண்டுகளில் அவர்கள் சாதித்ததை நாம் ஏன் சாதித்தல் இயலாது?

தவறான எண்ணங்கள்

“எங்கள் நாய் வளவை விட்டு வெளியே போவதில்லை” என்பார் சிலர். நாய் போகாவிட்டாலும் விசர் பிடித்த வேறொரு நாயோ, பூனையோ, கீரியோ வேலிக்குள் நுழையலாம். “இது சின்னக் குட்டிதானே” என்பார் வேறு சிலர். குட்டிக்கும் இந்நோய் வரும். குட்டியின் பல் பட்டாலும் நஞ்சு நஞ்சே. ஆதலால் குட்டி வீட்டுக்கு வந்தவுடனேயே மிருக வைத்தியரிடம் காட்டி, முதல் ஊசி போடும் நாளைக் கேட்டறிதல் வேண்டும். “போன வருடம் போட்டாயிற்று” என்பதும் போதாது. ஊசியின் பயன் காலப்போக்கிற் குன்றுமாதலால் ஆண்டுதோறும் அதனைப் புதுப்பித்தல் நன்று.

விசர்நாய் நீரைக் கண்டு அஞ்சும் என்பதும் பிழை. நீருக்கு அஞ்சுவது நோயுற்ற மனிதனே. விசர்நாய் நீர் குடிப்பதும் உண்டு. எல்லா விசர்நாயும் வெறி கொண்டு ஓடுவதுமில்லை. சில நாய்கள் தாடை தொங்கி, வாய்நீர் வடித்து, மூலையிற் சோர்ந்து கிடக்கும். தொண்டையில் எலும்பு சிக்கியதென்று எண்ணி அதன் வாய்க்குள் கையை விடுதல் பேராபத்து.

கடித்துவிட்டால்

சவர்க்காரமிட்டு, ஓடும் நீரிற் புண்ணைப் பதினைந்து நிமிடம் நன்றாகக் கழுவுக. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, பச்சிலை முதலியவற்றைப் புண்ணில் அப்ப வேண்டாம். உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்க. அக்காலத்திற்போல வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி இப்பொழுது இல்லை. கையில் இடும் சில ஊசிகளே. கடித்த நாயை அடித்துக் கொல்லாது, கட்டி வைத்துப் பதினான்கு நாட்கள் கவனித்தல் வேண்டும். ஊசி கண்ட நாயே கடித்தாலும் வைத்தியரின் சொற்படியே நடத்தல் வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அடிக்கும் ஏச்சுக்கும் அஞ்சிக் கடிபட்டதை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. “நாய் கீறினாலும் கடித்தாலும் அம்மாவிடம் சொல், நான் ஏசமாட்டேன்” என்று இன்றே அவர்களிடம் கூறி வையுங்கள். அச்சொல் ஓர் உயிரைக் காத்தல் கூடும்.

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. நாயின் ஊசி அட்டையைப் பிள்ளைகளின் ஊசி அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஊசி நாளை நாட்காட்டியிற் குறித்து, நினைவூட்டும் பொறுப்பைப் பாடசாலை செல்லும் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். ஊரில் ஊசி போடும் நாள் அறிவிக்கப்பட்டால், உங்கள் நாயோடு அயலாரின் நாயும் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் விழித்திருந்து நம்மைக் காக்கும் அந்த வாயில்லாப் பிராணி தனக்கு ஊசி வேண்டுமென்று கேட்க அறியாது. அதற்காக நினைக்க வேண்டியவர்கள் நாமே.