கடைசியாக வந்தவர் முதலில் நிற்க வேண்டும்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகளில் காற்றுக்குப் பஞ்சமில்லை; பஞ்சமெல்லாம் கேபிளுக்குத்தான். சுமார் 22,000 பேர் வாழும் இத்தீவுகளைப் பெருநிலத்தோடு இணைப்பவை கடலடியில் ஓடும் இரண்டே 33 கிலோவோல்ட் கேபிள்கள். தீவில் செலவானது போக மிஞ்சும் மின்சாரம் இவற்றின் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

எத்தனை காற்றாலைகளை இணைக்கலாம் என்பதற்குப் பொறியாளர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. ஊரில் மின்பயன்பாடு மிகக் குறைவு, எல்லாக் காற்றாலைகளும் முழு உற்பத்தியில், போதாக்குறைக்கு ஒரு கேபிள் பழுது. மூன்றும் ஒருசேர நேர்ந்தாலும் தாங்க வேண்டும். ஆனால் அப்படியொரு நேரம் அபூர்வமாகத்தான் வரும்; மற்ற நேரங்களில் கேபிளில் இடம் சும்மா கிடக்கும். ஆர்க்னியில் இந்தக் கணக்குப்படி இடம் தீர்ந்துபோனது. கட்டமைப்பை வலுப்படுத்தச் சுமார் 3 கோடி பவுண்டு ஆகும் என்றார்கள்.

ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழக ஆய்வில் உருவான மாற்றுவழி 2009இல் நடைமுறைக்கு வந்தது. செலவு 5 லட்சம் பவுண்டு அளவில்தான். புதிய காற்றாலைகளுக்கு இணைப்பு உண்டு, நிபந்தனையோடு. நெரிசல் வரக்கூடிய இடங்களில் ஓடும் மின்சாரத்தைக் கருவிகள் இடைவிடாமல் அளக்கின்றன. எல்லை நெருங்கினால் மையக் கணினி உற்பத்தியைக் குறைக்கச் சொல்கிறது. காற்றாலை தன் இறக்கைகளின் கோணத்தைத் திருப்பிக் காற்றை நழுவவிடுகிறது. அதுவும் போதாவிட்டால் இணைப்பே துண்டிக்கப்படும். தகவல் தொடர்பு அறுந்துபோனால் காற்றாலை தானாகவே பாதுகாப்பான அளவுக்கு இறங்கிவிடும்.

யாரை முதலில் குறைப்பது? இங்கேதான் பொறியியல் முடிந்து பஞ்சாயத்து தொடங்குகிறது. ஆர்க்னியின் விதி: கடைசியாக இணைந்தவர் முதலில் நிற்க வேண்டும். பழையவர்களின் வருமானத்தைப் புதியவர் பறிக்க முடியாது; பணம் போடுபவரும் தன் நஷ்டத்தை முன்கூட்டியே ஓரளவு கணிக்கலாம். நியாயமான விதிதான். ஆனால் வரிசையின் வால்பகுதியில் நிற்பவருக்கு, நல்ல காற்றடிக்கும் நாளே வருமானமில்லாத நாள்.

ஆர்க்னியின் ஈடே தீவு மக்களின் 900 கிலோவாட் காற்றாலை இந்தக் கட்டுப்பாட்டால் அடிபட்டவற்றில் ஒன்று. வெளியேற வழியில்லாத மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் தயாரித்து, கப்பலில் ஆர்க்னியின் முக்கிய நகரான கிர்க்வாலின் துறைமுகத்துக்கு அனுப்பும் திட்டம் அங்கே பிறந்தது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனாலும் சுற்றுவழி.

இந்த மென்பொருள், கேபிளில் சும்மா கிடந்த இடத்தைத்தான் பயன்படுத்தித் தரும், கேபிளைப் பெரிதாக்காது. ஆர்க்னிக்கு 220 மெகாவாட் புதுக் கேபிள் அமைக்க பிரிட்டனின் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் 2023இல் ஒப்புதல் அளித்தது.